பரணில் கிடைத்த பழைய ராணுவத் துப்பாக்கிக்குத் தோட்டா தேடலாமா?

கேட்கப்பட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஓட்டு வீடு ஒன்றை இடித்துக் கட்டுவதற்காகப் பரணைக் காலி செய்தபோது, சாக்கில் சுற்றி வைத்த நீளமான துப்பாக்கி ஒன்றும், தகர டப்பாவில் இருபத்து மூன்று தோட்டாக்களும் கிடைத்திருக்கின்றன. துப்பாக்கியின் வலப்பக்கத்தில் கிரீடம், அதன்கீழ் வி.ஆர். என்ற எழுத்துகள், என்ஃபீல்டு என்ற பெயர், 1887 என்ற ஆண்டு ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. விசைக்குப் பின்னால் வளைந்த இரும்பு நெம்புகோல் ஒன்று கீழ்நோக்கி இறங்குகிறது. குழலின் வாயில் ஒரு பென்சிலை விட்டால் அது ஆடிக்கொண்டே உள்ளே போகிறது. தோட்டாக்களில் இருபது, ஐந்தைந்தாகத் தகட்டுக் கிளிப்பில் செருகப்பட்டிருக்கின்றன, மூன்று உதிரி. அவற்றின் அடியில் கே.எஃப்., 41, ரோமன் எழுத்தில் ஏழு என்ற குறிகள் தெரிகின்றன. இந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்கு உரியதா, இல்லையென்றால் உரியது எங்கே கிடைக்கும், எங்கும் கிடைக்காவிட்டால் வெற்றுக் கூட்டில் மருந்து கெட்டித்து நாமே செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்ளுத்தாத்தாவின் நினைவாக ஒரே ஒரு முறை சுட்டுப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசை.

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் வேலையில், இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு இப்போது கொளத்தூரில் வசிக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து நேரடியாகப் பதில் சொல்கிறேன். அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு உரியது அல்ல. உரிய தோட்டா இந்தியாவில் எந்தக் கடையிலும் கிடைக்காது. வீட்டில் மருந்து கெட்டிப்பது சட்டப்படி கடுமையான குற்றம். அதைவிட முக்கியமாக, கெட்டிப்பவரின் கையையும் கண்ணையும் பறிக்கக்கூடிய வேலை. டப்பாவில் இருக்கும் இருபத்து மூன்று தோட்டாக்கள்தான் உங்கள் வீட்டில் இப்போது இருப்பதிலேயே பெரிய ஆபத்து. துப்பாக்கி அதற்கு அடுத்ததுதான். இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டியது என் கடமை, ஏனென்றால் காரணம் தெரியாமல் ‘கூடாது’ என்று மட்டும் கேட்டவர்கள் பிறகு யாருக்கும் சொல்லாமல் முயன்று பார்த்து விரல்களை இழந்ததை நான் கண்டிருக்கிறேன்.

நீங்கள் விவரித்திருப்பது மார்ட்டினி ஹென்றி என்ற துப்பாக்கியின் அமைப்பு. தோட்டா அறையைத் திறந்து மூடும் பூட்டு அமைப்பு சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய ஃபிரீட்ரிஷ் மார்ட்டினியுடையது. குழலுக்குள் ஓடும் ஏழு சுழல் பள்ளங்கள் எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றியுடையவை. 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் இதை ஏற்றுக்கொண்டது. நெம்புகோலைக் கீழே இறக்கினால் பூட்டுக்கட்டை முன்பக்கம் சரிந்து தோட்டா அறை திறக்கும். ஒரு தோட்டாவைக் கையால் வைத்து நெம்புகோலை மேலே ஏற்றினால் சுடத் தயாராகிவிடும். ஒரு முறைக்கு ஒரே தோட்டாதான், கிளிப்புக்கு இதில் இடமே இல்லை. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களின் கையில் வெள்ளைக்காரப் படைகளிடம் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதமே இருக்க வேண்டும் என்பது ஆட்சியாளர்களின் கொள்கையாக இருந்தது. அதனால் வெள்ளையர் மார்ட்டினியைத் தூக்கியபோது நம்மவர்கள் அதற்கு முந்தைய ஸ்னைடர் துப்பாக்கியைத் தூக்கினார்கள், வெள்ளையருக்கு .303 (குழல் விட்டம் 0.303 அங்குலம்) துப்பாக்கி வந்த பிறகுதான் நம்மவர்களுக்கு மார்ட்டினி வந்தது. இங்குள்ள பழைய குடும்பங்களின் பரண்களில் ஸ்னைடரும் மார்ட்டினியும் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்ட்டினி ஹென்றியின் குழல் விட்டம் 0.450 அங்குலம், அதாவது 11.4 மில்லிமீட்டர். சாதாரணப் பென்சில் சுமார் 7 மில்லிமீட்டர் கனம் என்பதால்தான் அது உள்ளே ஆடுகிறது. டப்பாவில் இருப்பவையோ .303 தோட்டாக்கள். காவல்துறையில் இதை ‘த்ரீ நாட் த்ரீ’ என்றே சொல்வார்கள். அதன் குழல் 7.7 மில்லிமீட்டர், பென்சில் அதில் ஒட்டி உரசிக்கொண்டுதான் நுழையும். அடியில் உள்ள குறிகளும் இதையே சொல்கின்றன: கே.எஃப். என்பது புனேவுக்கு அருகில் உள்ள கிர்கி, இன்றைய கட்கி, வெடிபொருள் தொழிற்சாலை. 41 என்பது 1941. ரோமன் ஏழு என்பது 1910இல் அறிமுகமான ஏழாம் மாதிரி .303 தோட்டா. 1887இல் செய்த துப்பாக்கியும் அதற்கு ஐம்பத்து நான்கு ஆண்டுகள் இளைய தோட்டாவும் ஒரே பரணில் சேர்ந்து கிடந்தன என்பதைத் தவிர இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. மார்ட்டினியின் தோட்டா அறைக்குள் .303ஐப் போட்டால் உழக்குக்குள் போட்ட புளியங்கொட்டையைப் போல உருளும். வெடிக்காமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். தப்பித்தவறி வெடித்துவிட்டால் பித்தளைக் கூட்டைத் தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லாததால் கூடு கிழிந்து, அந்த வாயு முழுவதும் பின்பக்கமாக, சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தே ஆக வேண்டும். பென்சில் விட்டுப் பார்ப்பதற்கு முன் தோட்டா அறையைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால் இனி அந்தக் குழலின் வாய்க்கு நேராகக் கையோ கண்ணோ போகக் கூடாது. பல ஆண்டு பரணில் கிடந்த துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கும் சம்பவம் அரிதல்ல. துருப்பிடித்த நெம்புகோலைச் சுத்தியால் தட்டித் திறக்க முயலவும் வேண்டாம்.

துப்பாக்கியின் மேல் எழுதியிருப்பதை வைத்துத் தோட்டாவைத் தீர்மானிப்பதுதான் பழைய ராணுவ ஆயுத விஷயத்தில் எல்லாரும் செய்யும் தவறு. குழலின் பின்பக்கம் இருக்கும் அந்தச் சிறிய அறையின் வடிவம் ஒன்றே தோட்டாவைத் தீர்மானிக்கும். அதை ஆங்கிலத்தில் சேம்பர் என்பார்கள், எங்கள் தொழிலிலும் அப்படியே சொல்லுவோம். மார்ட்டினிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1880களின் இறுதியிலும் 1890களிலும் ஏராளமான மார்ட்டினிகளின் குழலைக் கழற்றிவிட்டு .303 குழலைப் பொருத்தினார்கள். வெளித்தோற்றத்தில் பூட்டும் நெம்புகோலும் அப்படியே இருக்கும், பழைய ஆண்டுக் குறியும் அழியாமல் இருக்கும். நேபாளத்தில் செய்த கஹேந்திரா துப்பாக்கியும் தூரத்திலிருந்து பார்த்தால் மார்ட்டினியைப் போலவே இருக்கும், உள்ளே பொறியமைப்பு வேறு. 2003இல் காட்மாண்டுவின் லகன் சிலேகானா அரண்மனைக் கிடங்கிலிருந்து பல்லாயிரம் பழைய துப்பாக்கிகளை வெளிநாட்டு வணிகர்கள் மொத்தமாக வாங்கியபோது, இவை எல்லாம் ஒன்றோடொன்று கலந்துதான் வெளியே வந்தன.

கைபர் கணவாய்ப் பகுதியில் கையாலேயே செய்த நகல்கள் தனி வகை. பழைய தண்டவாள இரும்பு வரை கிடைத்ததை வைத்துச் செய்து, அதன்மேல் அரசு முத்திரைகளையும் பொறித்துவிடுவார்கள். வி.ஆர். என்பது விக்டோரியா மகாராணியின் முத்திரை. அவர் 1901இல் இறந்தார். ஆகவே வி.ஆர். முத்திரையோடு 1910 என்றோ 1919 என்றோ ஆண்டு போட்டிருந்தால் அது கைபர் நகல் என்று உடனே சொல்லிவிடலாம். என்ஃபீல்டு என்ற சொல்லில் ‘என்’ எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருப்பதும் இன்னொரு அடையாளம். உங்களுடையதில் 1887 என்று இருப்பது பொருந்திவருகிறது. ஆனால் நகல் செய்பவர்கள் எப்போதும் தவறு செய்வார்கள் என்று இல்லையே. இரும்பின் தரத்தை முத்திரை சொல்லாது.

இதே ஏமாற்றம் நம் நாட்டு ஆயுதங்களிலும் உண்டு. 1857க்குப் பிறகு இந்தியப் படைகளுக்கென்றே என்ஃபீல்டு துப்பாக்கியில் சுழல் பள்ளங்கள் இல்லாத வழுக்குக் குழல் வகை ஒன்று செய்யப்பட்டது. தோற்றம் 1853 மாதிரி, உள்ளே குழல் விட்டமோ பெரியது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் லீ என்ஃபீல்டு என்ற .303 ராணுவத் துப்பாக்கிகளை ஒற்றைத் தோட்டா .410 மஸ்கெட்டாக மாற்றிக் காவல்துறைக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுத்தார்கள், அதன் தோட்டா .303 கூட்டின் கழுத்தை நேராக்கிச் செய்தது என்பதால், கடையில் விற்கும் .410 வேட்டைத் தோட்டா அதில் சரியாக அமராது. அதே இஷாப்பூரில் 1960களில் செய்த 2ஏ1 துப்பாக்கி பார்வைக்கு .303 லீ என்ஃபீல்டின் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் அதற்கு உரியது 7.62 மில்லிமீட்டர் தோட்டா. ‘டி.பி.’ என்ற எழுத்துகள் அடித்திருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கியது, எந்தத் தோட்டாவையும் சுடக் கூடாதது.

வல்லுநர்கள் இதை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அழகான வேலை. செர்ரோசேஃப் என்ற உலோகக் கலவை சுமார் 70 முதல் 88 டிகிரி செல்சியசில் உருகிவிடும். கொதிநீர்ப் பாத்திரத்தில் வைத்தே உருக்கலாம். குழலுக்குள் அறையைத் தாண்டி ஒரு துணித் திரியை அடைத்துவிட்டு, சுத்தமாக்கி லேசாக எண்ணெய் தொட்ட அறைக்குள் அதை ஊற்றுவார்கள். உறைந்ததும் சற்றே சுருங்குவதால் கையோடு வெளியே வந்துவிடும். பிறகு மெல்ல விரிந்து, ஒரு மணி நேரம் கழித்து அறையின் அளவுக்குச் சரியாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் மைக்ரோமீட்டரால் அளந்து, விளிம்பின் அகலம், உடலின் சரிவு, கழுத்தின் நீளம் மூன்றையும் அட்டவணையோடு ஒப்பிட்டால் இது எந்தத் தோட்டாவின் அறை என்று ஐயமின்றித் தெரிந்துவிடும். உள்ளங்கையில் கிடக்கும் அந்தச் சாம்பல் நிறக் கட்டியில், நூறு ஆண்டுக்கு முன் கடைசல் பிடித்தவரின் கருவி பதிந்த கோடுகூடத் தெரியும். உரிமம் பெற்ற ஆயுதப் பட்டறையில்தான் இதைச் செய்யலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் மார்ட்டினியின் அறை மாற்றப்படாதது என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குரிய .577/450 தோட்டாவின் கதை எளிதானது அல்ல. ஸ்னைடருக்காக லண்டனின் வுல்விச் ஆயுதச் சாலையில் இருந்த கர்னல் பாக்சர் வடிவமைத்த கூட்டிலிருந்து வளர்ந்தது அது. மெல்லிய பித்தளைத் தகட்டைக் காகிதம் சுருட்டுவது போலச் சுருட்டி, அடியில் இரும்பு வட்டு வைத்து, உள்ளே 85 கிரெயின் (சுமார் 5.5 கிராம்) கரிமருந்து, அதன்மேல் தேன்மெழுகு, அதன்மேல் காகிதம் சுற்றிய 480 கிரெயின், அதாவது 31 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு என்று அடுக்கினார்கள். வெயிலும் மணலும் தூசியும் சேரும் இடத்தில் சூடேறிய அறைக்குள் அந்தச் சுருட்டுத் தகடு ஒட்டிக்கொண்டு, வெளியே இழுக்கும்போது அடிவட்டு மட்டும் பிய்ந்துவரும். 1885 ஜனவரியில் சூடானில் அபு க்ளியா போரின்போது சிப்பாய்கள் கத்தியாலும் பயனெட்டாலும் கூட்டைக் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. பிற்பாடு ஒரே துண்டாக இழுத்த பித்தளைக் கூடு வந்தது. இன்று அந்த அளவில் எந்த நாட்டு ராணுவமும் தோட்டா செய்வதில்லை. உரிமமும் அனுமதியும் உள்ள வெளிநாடுகளில் ஆர்வலர்கள் 24 போர் (‘போர்’ என்பது குழல் அளவு) பித்தளை வேட்டைத் தோட்டாவின் கூட்டை எடுத்து, படிப்படியாக அச்சில் அழுத்தி அந்தப் புட்டி வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு கூட்டை உருவாக்கவே பொறுமை வேண்டும். நடுவில் நெருப்பில் காட்டிப் பதமாக்காவிட்டால் கழுத்தில் விரிசல் விழும். இந்தியாவில் உரிமம் பெற்ற கடைகளில் .315, 12 போர், .22, .32 போன்றவற்றுக்கே தோட்டா கிடைக்கும். அதுவும் உரிமப் புத்தகத்தில் உள்ள ஆயுதத்துக்கு, அதில் குறித்த எண்ணிக்கைக்கு மட்டும். .577/450 அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இனி நாமே கெட்டிக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் பக்கத்தில் ‘மருந்து’ என்று ஒரே சொல்லால் எல்லா வெடிப்பொடியையும் சொல்லிவிடுகிறோம். விபத்துகளில் பாதி அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன். புளியந்தோப்புப் பக்கம் பவுடர் மில்ஸ் சாலை என்று ஒரு சாலை இருப்பதையும், பெரம்பூர் பேரக்ஸ் சாலையும் பட்டாளமும் அதை ஒட்டியே இருப்பதையும் நீங்கள் அறிவீர்கள். அந்தப் பெயரில் உள்ள பவுடர் கரிமருந்துதான்: வெடியுப்பும் கந்தகமும் மரக்கரியும் சேர்த்து அரைத்தது. கரிமருந்தின் குணம் ஒன்று உண்டு. கூட்டுக்குள் குண்டின் அடிவரை இடைவெளி இல்லாமல் அதை நிரப்பியே ஆக வேண்டும். காற்று இடைவெளி விட்டால் குழலில் வளையம்போல வீக்கம் விழும். 1880களின் பிற்பகுதியிலிருந்து வந்த புகையில்லா மருந்துக்கு இது பொருந்தாது. அதன் ஆற்றல் எடைக்கு எடை பல மடங்கு, கூட்டில் அழுத்தம் ஏற ஏற அது எரியும் வேகமும் ஏறும். கரிமருந்தை நிரப்பிய பழக்கத்தில் அதே கூட்டை அதே மட்டத்துக்குப் புகையில்லா மருந்தால் நிரப்பினால், மார்ட்டினி தாங்குவதற்காகச் செய்யப்பட்ட அழுத்தத்தைப் பல மடங்கு தாண்டி, பூட்டே துண்டு துண்டாகச் சிதறும். ஒழுங்காக நிரப்பிய .303 தோட்டாவின் அழுத்தத்தைவிட மார்ட்டினியின் கரிமருந்துத் தோட்டாவின் அழுத்தம் மிகக் குறைவு. அந்த இரும்பும் அதற்கேற்றதுதான். பட்டாசைப் பிரித்து அந்த மருந்தைப் போட்டால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஓசைக்காகச் செய்த பட்டாசுக் கலவை தள்ளுவதற்காகச் செய்யப்பட்டதல்ல, ஒரே கணத்தில் வெடிப்பது. துப்பாக்கிக் குழலில் அடைத்தால் அது வெடிகுண்டுதான்.

சட்டத்தின் நிலை இதில் குழப்பமே இல்லாதது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஏழு ஆண்டு முதல் ஆயுள்வரை சிறைத்தண்டனை உண்டு. வெடிமருந்தை வைத்திருப்பதற்கு 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் தனியாக இருக்கிறது. நினைவுக்காக ஒரே ஒரு தோட்டா என்பதற்கு அந்தச் சட்டங்களில் விலக்கு கிடையாது.

டப்பாவில் உள்ள .303 தோட்டாக்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆயுத விதிகள் 2016இன் முதல் அட்டவணையில், .303 அல்லது 7.62 ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகையில் வைக்கப்பட்டுள்ளன. அந்த வகைக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் மத்திய அரசிடமே இருக்கிறது. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு உங்கள் 1887 துப்பாக்கியைவிட அந்தத் தகர டப்பா பெரிய விஷயம். ஒரு நாள்கூட அதிகமாக அதை வீட்டில் வைத்திருக்கக் காரணம் இல்லை.

பொருளாகப் பார்த்தாலும் அவை வயதாகிப்போனவை. அக்காலத்து .303இன் மருந்து கார்டைட். பயிற்சியில் ஒரு முறை, கூட்டிலிருந்து குண்டை முறையாகக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதைத் தட்டில் கொட்டிக் காட்டினார்கள். பொடியை எதிர்பார்த்திருந்த எங்களுக்கு முன்னால் விழுந்ததோ வறுத்த சேமியா போலப் பழுப்பு நிறத்தில் நீள நீளமான குச்சிகளின் கட்டு. நைட்ரோகிளிசரினும் பருத்தியிலிருந்து செய்த வெடிபஞ்சும் கொஞ்சம் வாசலினும் சேர்த்துப் பிசைந்து, துளை வழியாகப் பிழிந்து எடுத்தது அது. குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1900களின் தொடக்கத்தில் அமைந்த கார்டைட் தொழிற்சாலை நம் மாநிலத்திலேயே இதைத் தயாரித்துவந்தது. குளிர்ந்த மலையில் பிறந்த இந்தப் பொருள், ஓட்டுக்கூரையின் அடியில் எண்பது சென்னைக் கோடைகளைக் கடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வெடிபஞ்சு மெல்லச் சிதைந்து அமில வாயுவை விடும்; அந்த அமிலம் மீதியையும் சிதைக்கும்; பித்தளையை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பச்சைக் களிம்பு தெரிவதற்கு முன்பே உள்ளே கூடு காகிதமாகியிருக்கலாம்.

பித்தளைக்கு இன்னொரு நோயும் உண்டு; அது கண்டறியப்பட்டதே இந்தியாவில்தான். மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், யாரும் தொடாமலேயே கழுத்தில் நீளவாக்கில் விரிசல் விட்டன. எதனால் என்று நெடுங்காலம் யாருக்கும் புரியவில்லை. குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும், கூட்டை இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்துதான் விரிசலை உண்டாக்குகின்றன என்று 1921இல் விளக்கம் வந்தது. பின்கட்டில் மாட்டுக்கொட்டகை இருந்த பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுப் பரணுக்கும் அந்த லாயத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை. பளபளப்பாக இருக்கிறது, துணியால் துடைத்தால் சரியாகிவிடும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், துடைக்கவும் வேண்டாம். தோட்டாவின் அடி நடுவில், ஊசி பட்டதும் தீப்பொறி எழுப்பும் கேப்பைச் சுற்றி மையால் போட்ட வளையம் ஊதாவாக இருந்தால் சாதாரணத் தோட்டா, சிவப்பாக இருந்தால் ஒளிவிட்டுப் போகும் டிரேசர், நீலமாக இருந்தால் தீப்பற்ற வைப்பது. எண்பது ஆண்டில் அந்த மை மங்கிவிடும் என்பதால் நிறத்தை நம்பி எதையும் கையாளவும் முடியாது.

பழைய தோட்டா விசையை இழுத்ததும் ‘டிக்’ என்ற ஓசையோடு நின்றுவிட்டு, சில விநாடி கழித்து வெடிப்பதும் உண்டு. அதற்காகவே பயிற்சித் தளத்தில் வெடிக்காத தோட்டாவைக் குறைந்தது முப்பது விநாடி குழலை இலக்கை நோக்கியே வைத்துக் காத்திருந்துவிட்டுத்தான் திறக்க விடுவார்கள். வெடித்துவிட்டாலும் சேதம் முடிவதில்லை. அக்காலத்துக் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்த பிறகு குழலுக்குள் படிவது ஒருவகை உப்பு. என் பயிற்சிக் காலத்தில் பழைய இருப்புத் தோட்டாவைச் சுட்ட ஒரு துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் மட்டும் நன்றாகத் துடைத்து, பளிச்சென்று இருக்கிறதே என்ற மகிழ்ச்சியில் நிலைப்பெட்டியில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தபோது குழல் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும் என்ற எளிய விஷயம் அன்றுதான் எனக்கு உறைத்தது. கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்ற வேண்டும், அந்தச் சூட்டிலேயே குழல் காய்ந்துவிடும், அதன் பிறகே எண்ணெய். காசிமேட்டில் கரைக்கு வந்ததும் படகு எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுபவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது என்ன என்று சொல்கிறேன். இரண்டையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவிலோ பைக்கிலோ காவல் நிலையத்துக்குப் போகாதீர்கள். உரிமம் இல்லாத ஆயுதத்தோடு சாலையில் நிற்பது தனிச் சிக்கல். தோட்டா டப்பாவை இருக்கும் இடத்திலேயே, வெயிலும் அடுப்பும் படாமல் விட்டுவிட்டு, அந்த அறைக்குள் குழந்தைகளும் கொத்தனார்களும் போகாமல் பூட்டுங்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கோ 112 எண்ணுக்கோ தகவல் கொடுத்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்டெடுத்த நாள், நேரம், இடம், கண்டெடுத்தபோது உடன் இருந்த வேலையாட்கள், துப்பாக்கியில் உள்ள குறிகள், தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு கடிதமாக எழுதி இரண்டு படி எடுத்து, ஒன்றில் ஒப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். மறைத்து வைத்துப் பிடிபட்டவருக்கும் தானே முன்வந்து ஒப்படைத்தவருக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை நிரூபிப்பது அந்தக் காகிதம்தான். தோட்டாக்களைத் திரும்பக் கேட்க வேண்டாம், அவை அழிக்கப்பட வேண்டியவை.

துப்பாக்கிக்கு மட்டும் வழி இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவில், வழக்கொழிந்த மாதிரியாகவோ தொன்மை மதிப்புள்ளதாகவோ பழுதடைந்ததாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடும் ஆயுதமாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருப்பதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விலக்கு உண்டு. பழையதாக இருந்தால் மட்டும் போதாது, சுட முடியாததாகவும் இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தோட்டா கிடைக்காது என்பதும் அதற்குப் போதிய காரணம் ஆகாது. ஆகவே ஒப்படைக்கும்போதே, நிபுணர் ஆய்வுக்கு அனுப்பி, முறைப்படி செயலிழக்கச் செய்து குடும்ப நினைவுப் பொருளாகத் திருப்பித் தரும்படி தனி மனு ஒன்றைச் சென்னை மாநகரக் காவல் ஆணையருக்கு எழுதுங்கள். நகருக்குள் உரிமம் வழங்கும் அதிகாரமும் அவருடையதுதான், அலுவலகம் வேப்பேரியில் இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் பெயரில் பழைய உரிமப் புத்தகமோ, படையிலோ துறைமுகத்திலோ ரயில்வேயிலோ பணியாற்றிய சான்றோ டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள்; அது மனுவுக்கு வலுச் சேர்க்கும். திருப்பித் தர இயலாது என்று முடிவானால், கோட்டை அருங்காட்சியகத்துக்கோ எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கோ கொடுக்க விருப்பம் தெரிவிக்கலாம். நூறு ஆண்டைக் கடந்த பொருள் என்பதால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இணையத்தில் நல்ல விலை சொல்லும் வெளிநாட்டு வாங்குபவர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

சுட முடியாததாக்கப்பட்டு அது வீட்டுக்குத் திரும்பி வந்தால், தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடாதீர்கள். அந்த வால்நட் கட்டையில் உள்ள கறுப்பு, பல கைகளின் வியர்வையும் எண்ணெயும் ஏறி வந்தது. கட்டையில் குத்திய முத்திரைகளும் அதோடு சேர்ந்தே போய்விடும். பருத்தித் துணியில் சில சொட்டு ஆளிவிதை எண்ணெயைத் தொட்டு, உள்ளங்கைச் சூடு ஏறும்வரை தேய்த்து, ஒரு நாள் காயவிட்டு மீண்டும் தேய்த்தால் போதும். இரும்புக்கு மெல்லிய இயந்திர எண்ணெய். ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் இவ்வளவு அருகில், கடற்காற்று நேராக வரும் சன்னல் பக்கத்துச் சுவரில் மாட்டாமல், உள்கூடத்துச் சுவரில் மாட்டி, ஐப்பசி கார்த்திகை மழை மாதங்களில் வாரம் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் செந்நிறம் ஒட்டினால் அன்றே எண்ணெய் தொட வேண்டும்.